புதிய கல்வியாண்டுக்கான இலக்குகளை ஒன்றியப் பள்ளிகள் கூடி முடிவு செய்வது எப்படி?

கேள்வி – வட்டாரக் கல்வி அலுவலர்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் எங்கள் ஒன்றியத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களைக் கூட்டி ஆண்டு இலக்குகளை முடிவு செய்ய வேண்டும். இக்கூட்டம் வழக்கமாக எப்படி நடக்கும் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. மேலிருந்து ஒரு படிவம் வரும்; மாணவர் சேர்க்கை, வருகை, வாசிப்புத்திறன் என்று கட்டங்கள் இருக்கும்; சென்ற ஆண்டின் எண்ணோடு சிறிது கூட்டி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, தேநீர் வந்ததும் அனைவரும் எழுந்துவிடுவர். அரையாண்டுத் தேர்வின்போது அந்தத் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்காது.

இம்முறை ஆசிரியர்களும் பெற்றோரும் பேசி முடிவு செய்த இலக்குகளாக அவை இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் அரசு வகுத்த இலக்குகளை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. அப்படியிருக்க, இது இன்னொரு சடங்காகிவிடாமல் நடத்த என்ன வழி?

பதில் 1 – ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்

ஐயா, எதை அடைய வேண்டும் என்பது மேலிருந்து வரட்டும். எந்தக் குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதை மேலிருந்து சொல்ல இயலாது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது சென்னையில் வகுக்கப்பட்ட இலக்கு. குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த பின், அரும்பிலேயே தங்கிவிட்ட குழந்தை ஏன் தங்கினாள் என்பது வகுப்பாசிரியருக்கு மட்டுமே தெரியும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வேறுபடுத்த முடியாததால் ‘கெ’, ‘கே’ என்ற இடத்தில் நின்றுவிடும் குழந்தைக்கும், பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்று நான்கு மாதம் பள்ளிக்கே வராத குழந்தைக்கும் ஒரே விழுக்காட்டு இலக்கு எந்த உதவியும் செய்யாது. ஆகவே கூட்டத்துக்கு வரும் தலைமை ஆசிரியர்களிடம் விழுக்காட்டைக் கேட்காமல் பின்தங்கிய குழந்தைகளின் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள். ஒன்றியம் முழுவதையும் ஒரே அரங்கில் உட்கார வைக்காமல் அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மைய அளவில் பேசினால், பத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்குள் பேச்சு வெளிப்படையாக இருக்கும்.

இன்னொன்று, பெற்றோரோடு கூடி இலக்கு வகுக்கும் ஏற்பாடு புதிதாக உருவாக்க வேண்டியதன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவையும், 22-ஆம் பிரிவு அக்குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் கூறுகின்றன. மூன்றாண்டுத் திட்டமும் அதற்குள் ஆண்டுவாரியான துணைத்திட்டங்களும் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். அதை நிதியாண்டு முடிய மூன்று மாதங்களுக்கு முன்பே முடிக்கச் சொல்வதற்கும் காரணமுண்டு: பணம் தேவைப்படும் எதையும் ஜூனில் முடிவு செய்வது காலங்கடந்த செயல். அத்திட்டங்களை முதலில் எடுத்துப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். பல பள்ளிகளில் அது சென்ற ஆண்டின் நகலாகவே இருக்கும் என்பதையும் எதிர்பார்த்து வாருங்கள்.

பதில் 2 – பட்டதாரி ஆசிரியர்

நல்ல நோக்கம்தான். ஆனால் இலக்கை எட்டாத ஆசிரியருக்கு என்ன நேரும் என்பதை முதலில் அறிவித்துவிடுங்கள். அது தெரியாத வரை எந்த ஆசிரியரும் உண்மையான எண்ணை எழுத மாட்டார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளிக்கும் மதிப்பெண் இலக்கு வகுத்து, எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் தலைமை ஆசிரியரின் பதவிக்கே ஆபத்து என்று வைத்திருந்தார்கள். 2011-இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் விடைத்தாள் முறைகேடு நடந்ததாகவும், 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் அதில் தொடர்புடையவர்கள் என்றும் கூறியது. தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தார்கள். எங்கோ நடந்தது என்று நாம் இதைத் தள்ளிவிட வேண்டாம். கேட்பவர் முகத்தைப் பார்த்து எண் சொல்லும் பழக்கம் இங்கும் உண்டு.

பதில் 3 – கலிபோர்னியாவில் வாழும் பெற்றோர்

அதே அமெரிக்காவில் வேறு வகையான எடுத்துக்காட்டும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் பகுதியில் ஏபிசி ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் இருக்கிறது. (இங்கே பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும் தனக்கென வரவுசெலவும் கொண்ட அமைப்பு.) 1993-இல் அங்கு ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்து, நிர்வாகமும் சங்கமும் முகம் பார்த்துப் பேசாத நிலை இருந்தது. பிறகு 1999-இல் மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளரும் ஆசிரியர் சங்கத் தலைவரும் சேர்ந்து, மாவட்டத்தின் தென்பகுதியில் பின்தங்கியிருந்த பள்ளிகளில் வாசிப்பை மேம்படுத்துவதை முதல் பணியாக எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் இலக்காக்காமல் ஒன்றை மட்டும் எடுத்ததுதான் நான் முக்கியமாகக் கருதுவது. இருவரும் வாரந்தோறும் சந்தித்தார்கள். இரு தரப்பினரும் ஆண்டுதோறும் ஒன்றாக அமர்ந்து திட்டமிடுவது வழக்கமானது. வாதத்தில் வெல்வதைவிடச் சிக்கலைத் தீர்ப்பது, மற்றவர் வேலையின் சாரத்தைப் புரிந்துகொள்ள முயல்வது ஆகியவை அவர்கள் எழுதி வைத்துக்கொண்ட நெறிகளில் அடங்கும். ஆசிரியர் எதை எட்ட வேண்டும் என்று மட்டும் எழுதாமல், அதற்கு நிர்வாகம் எதைச் செய்யும் என்பதையும் அதே தாளில் எழுதினால் பேச்சின் தன்மையே மாறிவிடும் என்பது என் எண்ணம்.

பதில் 4 – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

பெற்றோரை அழைப்பது பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். எத்தனை மணிக்கு அழைப்பீர்கள்? எங்கள் குழுவில் 24 பேர். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்ற பெண்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வந்தவர்களிடம் தீர்மானப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கினால், அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பெயர்ப்பட்டியலில் உள்ள குழந்தைகளின் வீடு எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் சொல்வோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் எட்ட வேண்டியதை ஒரு பத்தியிலும் நிர்வாகம் செய்ய வேண்டியதை மற்றொன்றிலும் ஒரே தாளில் எழுதும் கருத்தை ஏற்கிறேன். எட்டாதவர்களுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பப்போவதில்லை என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். கடினமான பகுதி எதுவென்றால், ஆசிரியர்கள் முதலில் கேட்கப்போவது ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணிக்கு (தற்காலிகமாக வேறிடத்தில் பணியாற்ற) அனுப்பாதீர்கள் என்பதைத்தான். அந்த ஆணை முழுவதும் என் கையில் இல்லை. செய்ய இயலாததை என் பத்தியில் எப்படி எழுதுவது?

பதில் 1 எழுதியவர்

உங்கள் அதிகாரத்தில் உள்ளவற்றை வாக்குறுதியாகவும், இல்லாதவற்றைக் கோரிக்கையாகவும் தனித்தனியே எழுதுங்கள். மாற்றுப்பணி தொடர்பாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு எந்த நாளில் கடிதம் அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் முதல் பொருளாக வாசியுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் வாசியுங்கள். ஆசிரியர்களின் எண்களைக் கேட்பது அதன் பிறகு இருக்கட்டும்.