‘கெட்’ படுத்தும் பாடு: புதிதாக வந்தவர்களுக்கு

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, வேலை என்று எதைக் கேட்டாலும் நாம் எல்லாரும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறோம். ஆங்கிலப் பேச்சு புரியவில்லை என்று யாராவது சொன்னால் மட்டும் “போகப் போகப் பழகிடும்” என்று முடித்துவிடுகிறோம். பழகும்தான். ஆனால் அந்த முதல் சில மாதங்கள் லேசானவை இல்லை. நன்றாகப் படித்து, ஆங்கிலத்திலேயே தேர்வெழுதி வந்தவர்கள்கூட நான்கு பேர் பேசும் இடத்தில் வாயடைத்து நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தடுமாற வைத்தவை பெரிய பெரிய சொற்கள் இல்லை. ‘கெட்’ (get) என்ற ஒரே ஒரு வினைச்சொல்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள். பக்கத்து மேசையில் தொலைபேசி அடிக்கிறது. அந்த மேசைக்காரர் இரண்டு கையிலும் கோப்புகளை அணைத்துக்கொண்டு அலமாரி அருகே நிற்கிறார். என்னைப் பார்த்து ‘குட் யூ கெட் தட்?’ என்றார். ‘கெட்’ என்றால் பெறுவது, இல்லையென்றால் புரிந்துகொள்வது, இவ்வளவுதான் எனக்கு அப்போது தெரியும். மணி அடிப்பது காதில் விழுகிறதா என்று கேட்கிறார்போல என்று நினைத்து ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு நொடி பார்த்துவிட்டுக் கோப்பைக் கீழே வைத்தார். அவர் கேட்டது “அந்த போனை எடுக்கிறீர்களா?” என்றுதான். வாசல் மணி அடித்தாலும் இதே பேச்சுதான். ‘ஐல் கெட் இட்’ என்றால் நான் போய்க் கதவைத் திறக்கிறேன் என்று பொருள். அதே ‘ஐல் கெட் திஸ்’ சாப்பிட்டு முடித்து பில் வந்ததும் காதில் விழுந்தால், பணத்தை நான் கொடுக்கிறேன் என்று பொருள்.

இதற்காக அகராதியை எடுத்து வைத்து ஒவ்வொரு பொருளாக மனப்பாடம் செய்யாதீர்கள், நான் செய்து பார்த்துக் கைவிட்டவன். இந்தச் சின்ன வினைகள் கடல் மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பு 20 தொகுதிகள், அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற குட்டிச் சொல்லுக்குத்தான். பிறகு அதே அகராதிக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதியபோது 645 பொருள்கள் தேறின. இதையெல்லாம் மனப்பாடம் செய்து யாராலும் பேச முடியாது, அந்த ஊரில் பிறந்தவர்களும் அப்படிப் பேசுவதில்லை.

எனக்குக் கைகொடுத்தது நம் தமிழ்தான். நமக்கு ஒன்று வந்து சேர்ந்தால் நாம் ‘எனக்கு’ என்று தொடங்குகிறோம். எனக்குக் கடிதம் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குப் புரிந்தது. நான்கு வாக்கியம், மூன்று வினை. ஆங்கிலத்தில் ‘எனக்கு’ இருந்த இடத்தில் ‘ஐ’ வந்து உட்கார்ந்துகொள்ளும், வினை எல்லாவற்றுக்கும் ‘கெட்’டின் இறந்தகால வடிவமான ‘காட்’ (got) என்ற ஒன்றே போதும். வாக்கியம் மனதில் ‘எனக்கு’ என்று எழுந்து, அதில் ஏதோ வந்தது, கிடைத்தது, புரிந்தது என்றால், தைரியமாக ‘ஐ காட்’ என்று தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக அமையும்.

அடுத்தது நம்முடைய ‘ஆகு’. நேரமாகிறது, இருட்டாகிறது, கோபமாகிவிட்டார், எல்லாம் ‘கெட்’தான். ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன், ‘ஐம் கெட்டிங் டயர்ட்’ என்றால் களைப்பு வந்துகொண்டிருக்கிறது. முன்பு இல்லாத ஒன்று இப்போது வந்து சேர்கிறது, இந்தச் சொல்லின் அடியில் ஓடுவது இதுதான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதும் இதில் அடங்கும், ‘கெட் ஹோம்’. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால் ‘கெட்டிங் தேர்’ என்பார்கள், எந்த இடத்துக்கும் போகவில்லை, முடியும் கட்டத்தை நெருங்குகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ‘படு’. அடிபட்டான், பிடிபட்டான், வேலையிலிருந்து நீக்கப்பட்டான். இந்தப் ‘பட்டான்’ பேச்சில் ‘காட்’ ஆகிறது: ‘காட் ஹிட்’, ‘காட் காட்’ (இரண்டாவது ‘காட்’, பிடிபடுவதைக் குறிக்கும் ‘caught’), ‘காட் ஃபயர்ட்’.

அடுத்து வருவதுதான் நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தமிழில் “நேற்று முடி வெட்டினேன்” என்கிறோம். வெட்டியவர் வேறு ஒருவர் என்று கேட்பவருக்குத் தானாகவே புரியும். “வீட்டுக்கு பெயின்ட் அடித்தேன்”, “காரை ரிப்பேர் செய்தேன்” என்பதும் அப்படித்தான். இதையே வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னால், நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். நண்பர் ஒருவர் காரை ரிப்பேர் செய்தேன் என்ற பொருளில் சொல்லப்போய், எதிரில் இருந்தவர் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், எப்படிக் கழற்றினீர்கள் என்று ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுத்தவரைக் கொண்டு செய்வித்தது என்றால் ‘ஐ காட் மை ஹேர் கட்’, ‘ஐ காட் த கார் ஃபிக்ஸ்ட்’. பொருள் நடுவில், செய்த வேலை கடைசியில். இந்த ஓர் அமைப்பை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், தினமும் தேவைப்படும்.

இப்போது சொல்லப்போவதை மருத்துவரிடம் போகும் எல்லாரும் கவனிக்க வேண்டும். ‘ஹேவ் யூ காட்’ என்பதில் ‘காட்’ இருப்பதால் இறந்தகாலம் என்று நினைத்துவிடுவோம். இல்லை, அது இப்போது இருக்கிறதா என்ற கேள்வி. அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போனபோது அவர் ‘ஹேவ் யூ காட் எனி பெயின்?’ என்று கேட்டார். நான் “வலி வந்துச்சாம்மா?” என்று மாற்றிச் சொன்னேன். அம்மா “ஆமா, நேத்து ராத்திரி வந்துச்சு” என்றார். நான் ‘யெஸ்’ என்றேன். மருத்துவர் எங்கே வலிக்கிறது என்று அழுத்திப் பார்க்கத் தொடங்க, அம்மா விழிக்கிறார். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மருந்து, ஒவ்வாமை என்று வரும் கேள்விகளில் இந்தக் குழப்பம் ஆபத்து. ‘இஸ் இட் கெட்டிங் வர்ஸ்?’ என்றால் வலி கூடிக்கொண்டே போகிறதா என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் ‘ரைட் நௌ?’ என்று திருப்பிக் கேளுங்கள், அதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு சிக்கல். ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும். ‘ஐ கெட் டு கோ’ என்றால் போகும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, சந்தோஷமான சேதி. மாற்றிச் சொன்னால் எதிராளி முகம் மாறும்.

அமெரிக்கா போனவர்களுக்கு மட்டும் ஒன்று: அங்கே ‘காட்டன்’ (gotten) என்று ஒரு வடிவம் கேட்பீர்கள், ‘கெட்’டின் பழைய வடிவம்தான். இங்கிலாந்தில் பொதுவாக வழக்கொழிந்துவிட்டது, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. அவர்கள் ‘ஐவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். அதைவிடத் தொல்லை உச்சரிப்பு. ‘கெட் இட்’ என்று தனித்தனியாக யாரும் சொல்வதில்லை, ‘கெடிட்’ என்று ஒரே மூச்சில் ஓடிவிடும், ‘கெட் அவுட்’ ‘கெடவுட்’ ஆகும். தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகக் காதில் விழுவது இதனால்தான். உங்கள் ஆங்கிலத்தில் குறை என்று மனம் தளராதீர்கள்.

பின்னால் ஒட்டும் சொற்களைப் பற்றி எழுதினால் முடியாது, அவசியமானவை மட்டும். நாம் ஏறினோம், இறங்கினோம் என்று எல்லா வண்டிக்கும் ஒன்றாகச் சொல்வோம். அங்கே பேருந்து, ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ‘டோன்ட் லெட் இட் கெட் டு யூ’ என்று யாராவது சொன்னால் அது ஆறுதல், மனசில் போட்டுக்கொள்ளாதே என்கிறார்கள். ஆனால் ‘கெட் ஓவர் இட்’ என்பது அதை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதுபோன்ற கடுமையான பேச்சு, துக்கத்தில் இருப்பவரிடம் தவறியும் சொல்லிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் பேசியது விளங்கவில்லை என்றால், நம் பழக்கத்தில் ‘ஐ டிடின்ட் கெட் யூ’ என்று வந்துவிடும். ‘ஐ டிடின்ட் கெட் தட்’ என்று சொல்லுங்கள். ஆளைப் பிடித்துக் ‘கெட் யூ’ என்றால் உன் மனசே எனக்குப் புரியவில்லை என்பதுபோலவும் தொனிக்கும்.

கடைசியாக ‘வீ வில் கெட் பேக் டு யூ’. நேர்காணல் முடிந்ததும், வீடு பார்த்துவிட்டுக் கிளம்பும்போதும் இதைக் கேட்பீர்கள். திரும்பத் தொடர்பு கொள்கிறோம் என்று அர்த்தம், ஆனால் பல நேரம் அது மரியாதையாக விடைகொடுக்கும் பேச்சு. நான் ஒரு வீட்டுக்காக இந்த ஒரு வாக்கியத்தை நம்பி மூன்று வாரம் வேறெதையும் தேடாமல் உட்கார்ந்திருந்தேன், வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இதைக் கேட்டதும் ‘வென் குட் ஐ எக்ஸ்பெக்ட் டு ஹியர் ஃப்ரம் யூ?’ என்று அங்கேயே கேட்டு ஒரு தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரும்வரை மற்ற இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள்.