மூன்று கோடா, நாலு கோடா? ஒரே பையில் வந்த பார்ப் மீன்கள்

உப்புவெளி_தொட்டி கேட்டது:
வணக்கம். 3 அடித் தொட்டி (36×15×18 அங்குலம்), கிணற்றுத் தண்ணீர், வெள்ளைக் கல், பின்பக்கம் தொங்கும் ஃபில்டர் ஒன்று. கடையில் "டைகர்" என்று ஒரே பையில் தந்த 9 மீனையும் விட்டாயிற்று. எல்லாம் ஒரே சாதி போலத் தெரியவில்லை. நாலு மீனுக்குக் கறுப்புக் கோடு கண்ணுக்குள்ளாலும் போகிறது. மூன்றுக்கு முகத்தில் கோடே இல்லை, நிறமும் மங்கல். மற்ற இரண்டும் வெள்ளி நிறம், முதுகுச் செட்டை சிவப்பு, அதன் நுனி கறுப்பு. முன்பே இருந்த குப்பி மீன்களின் வால் தும்புதும்பாகக் கிழிந்துவிட்டது. பகலில் தண்ணீர் 31 பாகை செல்சியஸ். எதை வைத்திருக்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்கலாம்?

குளக்கோட்டன்:
நிறத்தை நம்ப வேண்டாம், பயந்த மீனுக்கு எந்த நிறமும் நிற்காது. கோட்டை எண்ணுங்கள். டைகர் பார்புக்கு நாலு: கண்ணூடாக ஒன்று, முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால் ஒன்று, அதற்குப் பின்னால் அடிச்செட்டைக்கு மேலே ஒன்று, வால் தொடங்கும் இடத்தில் ஒன்று. பச்சை டைகர், அல்பினோ டைகர் என்று கூடுதல் விலைக்கு விற்பதும் இதே இனம்தான்.

முகம் வெறுமையாக, உடம்பில் மட்டும் மூன்று அகலப் பட்டை என்றால் பிளக் ரூபி பார்ப். அது நம்முடைய இலங்கைக்கே உரிய மீன். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையான தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழல் விழும் ஓடைகளில் வாழ்வது. ஆண் முழு நிறத்துக்கு வந்தால் தலை சிவக்கும், பின்னுடல் கறுக்கும். வெள்ளைக் கல்லும் கூசும் வெளிச்சமும் இருக்கும்வரை அதைப் பார்க்கக் கிடைக்காது. கருமையான ஆற்றுமணல், மேலே மிதக்கும் செடி, இரண்டும் வேண்டும்.

வெள்ளி நிறத்தது இரண்டும் டின்ஃபாயில் பார்ப் போலிருக்கிறது. வாலின் மேலோரத்திலும் கீழோரத்திலும் கறுப்புக் கோடு ஓடினால் உறுதி. ஒரு அடிக்கு வளரும். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

குப்பி வால் விஷயம்: நாலு டைகர் போதாது. தங்களுக்குள்ளே துரத்திப் பெரியவன் சின்னவன் பார்க்கிற மீன் அது. கூட்டம் சிறுத்தால் அந்தத் துரத்தல் பக்கத்து மீன்மேல் திரும்பும். 8 முதல் 10 ஆக்கினால் தணியும். அப்போதும் குப்பி, ஃபைட்டர், ஏஞ்சல், கௌராமி சேராது. நீண்ட செட்டையைக் கண்டால் கொத்தாமல் விடாது. குப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செட்டையின் அடி கடிபடாமல் இருந்தால், சுத்தமான தண்ணீரில் சில கிழமைகளில் வளர்ந்துவிடும்.

நிலாவெளி_செல்வி:
அடையாளம் எல்லாம் சரி. ஆனால் 31 பாகையில் பிளக் ரூபியை வைத்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. 22–26 தான் அதற்கு ஒத்துவரும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குள் விட்ட மாதிரி ஆகிவிடும். டைகருக்கும் 24–27 தான் நல்லது, ஆனால் காற்றோட்டம் இருந்தால் 29, 30 வரை தாங்கும். திருகோணமலையில் மே முதல் செப்டம்பர் வரை ஹீட்டர் தேவையே இல்லை, ஃபேன்தான் வேண்டும். மூடியை எடுத்து வலை போடுங்கள், பார்ப் துள்ளி விழும். சின்ன மேசை ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பில் சாய்வாக அடிக்க விட்டால் 2–3 பாகை இறங்கும்.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று. ஃபேன் தண்ணீரை ஆவியாக்கும், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். கடலோரக் கிணறு ஏற்கனவே சவர். குறைந்ததை அதே கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் உப்பு ஏறும். ஆகவே குறைநிரப்புக்கு மாரியில் சேர்த்த மழைநீர் அல்லது உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீர். கிழமைக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றுவதற்குக் குழாய்த் தண்ணீர் நல்லது. குளோரின் இருக்கும், ஆன்ட்டி குளோரின் போட்டுத்தான் விட வேண்டும். தண்ணீர் மாற்றத்தையும் படிப்படியாகச் செய்யுங்கள். ஒரே நாளில் பாதியை மாற்றினால் மீன் அதிர்ச்சியில் படுத்துவிடும்.

மணலுக்குக் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். சிப்பித்தூளும் பவளத்துண்டும் கலந்திருக்கும், தண்ணீர் கடினமாகும். ஆற்றுமணலிலும் ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம்.

உப்புவெளி_தொட்டி:
நன்றி அக்கா, அண்ணா. டின்ஃபாயில் திரும்பிப் போயிற்று, குப்பியும் வேறு தொட்டியில். இன்று இரண்டு டைகரின் செட்டையில் வெள்ளைப் புள்ளி, சீனி தூவினது போல. கடையில் உப்புப் போடச் சொன்னார்கள். ஆறு டைகர் கூட்டவும் யோசிக்கிறேன்.

குளக்கோட்டன்:
கூட்டுவதை நிறுத்துங்கள். அது வெள்ளைப்புள்ளி நோய். புது மீனோடு வந்திருக்கும். உப்பு வேலை செய்யும், ஆனால் உங்கள் கிணறு சவர் என்பதால் முதலில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். உப்பு குறைவு என்றால் மட்டும் லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பு. கல்லும் மணலும் போக உங்கள் தொட்டியில் 130 லீற்றர் அளவு நிற்கும், ஆக 130 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சில மணி நேரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் மீன் சாதாரணமாக நீந்தினால் இன்னும் 130 கிராம். மெல்லிய இலைச் செடிகள் வாடலாம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

புள்ளி மறைந்ததும் நிறுத்தக் கூடாது. மீனிலிருந்து விழுந்த கிருமி அடித்தளத்தில் பெருகி, திரும்ப நீந்தி வரும். அந்த நீந்தும் பருவத்தில்தான் உப்பு அதைக் கொல்லும். ஆகவே 10–14 நாள் வைத்திருந்து, நாள்விட்டு நாள் கல்லைச் சைஃபன் குழாயால் உறிஞ்சுங்கள். எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே அளவு உப்பு. ஆவியானதற்கு உப்புச் சேர்க்க வேண்டாம்.

நிலாவெளி_செல்வி:
ஒன்று மட்டும். இந்தச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, புள்ளி செவுளில் இருந்தால் மூச்சு இன்னும் முட்டும். ஏர் பம்ப் ஒன்று கூடப் போடுங்கள், பற்றரியிலும் ஓடுவதாக எடுங்கள். கரண்ட் போனால் ஃபில்டரும் ஃபேனும் சேர்ந்து நிற்கும். ஆறையும் பிறகு ஒரே தரத்தில் விடுங்கள், ஒவ்வொன்றாக விட்டால் பழையது நாலும் சேர்ந்து துரத்தும். விட்ட முதல் கிழமை தீனியைப் பாதியாக்கி, மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்: பூச்சியத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கே தண்ணீர் மாற்றுங்கள். பிளக் ரூபி மூன்றையும் கண்டிப் பக்கம் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள்.