லங்காஷயர் வரிசை வீடுகளும் திங்கட்கிழமை உடுப்புத் தோய்ப்பும்

சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

வட இங்கிலாந்தில், லங்காஷயரின் ஓல்ட்ஹாம், பேர்ன்லி, போல்ரன் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள்: அயலில் உள்ள வயதான வெள்ளைக்காரர் ‘திங்கட்கிழமை’ என்றாலே ஏன் உருகிப்போகிறார்கள் என்று. அவர்கள் நினைப்பது உடுப்புத் தோய்க்கிற நாளை. 1950கள் வரைக்கும் அந்தத் தெருக்களில் கிழமை முழுவதும் அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் ஓடியது. வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவர்கள் பேச்சு விளங்கும். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கம் ஞாயிறு இரவு. வெள்ளை, நிறத்துணி, ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போட்ட அழுக்குடுப்பு என்று பிரித்து, வெள்ளையைச் சலவைச் சோடா கரைத்த பச்சைத்தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சுடுநீர் கூடாது. இரத்தமோ முட்டையோ பட்ட துணி நேரே சுடுநீருக்குள் போனால் கறை வெந்து நூலோடு ஒட்டிவிடும், பிறகு லேசில் போகாது.

திங்கள் விடியுமுன் ‘செட் பொட்’டுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். பின் குசினி மூலையில் செங்கல் கட்டி, அதற்குள் இறக்கிய இரும்பு அல்லது செம்புக் கிடாரம் அது. அடியில் சின்ன அடுப்பு, மேலே மரமூடி. புகை சுவருக்குள்ளால் புகைபோக்கிக்குப் போகும். தென் இங்கிலாந்தில் இதையே ‘கொப்பர்’ என்பார்கள். அதற்குக் குழாய் கிடையாது. வாளி வாளியாக ஊற்றி நிரப்பி, வேலை முடிய தகரக் குவளையால் அள்ளித்தான் வெறுமையாக்க வேண்டும். கொதிக்க ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். சவர்க்காரக் கட்டியைச் சீவிப் போடுவார்கள். இதில் லங்காஷயருக்கு ஒரு கொடுப்பினை: பெனைன் மலைகளிலிருந்து வருவது மென்னீர், கொஞ்சச் சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதே சவர்க்காரம் சாம்பல் நிறத்தில் திரண்டு துணியில் படியும், சோடாவும் கூடப் போடவேண்டி வரும்.

கழுத்துப்பட்டியையும் கைவிளிம்பையும் முதலில் உரைபலகையில் தேய்ப்பார்கள். பிறகு துணி நெளிதகட்டுப் பீப்பாவுக்குள் போகும். அதைக் கடைகிற சாமானுக்கு ‘டொலி’ என்று பெயர். சின்ன முக்காலி ஒன்றுக்கு நீண்ட பிடி போட்டது மாதிரி இருக்கும். அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம். ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போனால் துணி முறுகிக் கால்களில் சிக்கும், பழைய துணி என்றால் கிழியும். ‘பொஸ்ஸர்’ வேறு. தடி நுனியில் துளைபோட்ட செம்பு மணி. மேலும் கீழும் குத்துவது. இறங்கும்போது தண்ணீரைத் துணிக்குள் தள்ளும், ஏறும்போது உறிஞ்சி இழுக்கும். கம்பளிக்குக் கொதிநீரும் கடைதலும் ஆகாது. சுருங்கித் தடித்துப் பிள்ளைச் சட்டை அளவுக்கு வந்துவிடும்.

வெள்ளையை மட்டும் கிடாரத்தில் ஒரு 20 நிமிடம் கொதிக்க விட்டு, தடியால் தூக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள். கடைசித் தண்ணீருக்கு நீலம். எங்கள் ஊரில் வெள்ளைச் சட்டைக்குப் போட்ட அதே நீலம்தான். ஹல் நகரத்து ரெக்கிட் கம்பனி கடல் கடந்தும் அனுப்பிய சரக்கு. துணிப்பொட்டளியில் கட்டித் தண்ணீரில் ஆட்டுவார்கள். அந்தத் தூள் கரைவதில்லை, மிதந்து அடியில் படியும். ஒவ்வொரு துணிக்கு முன்னும் கலக்காவிட்டாலும், துணியை மடிப்போடு ஊற விட்டாலும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதற்கு வினாகிரி கலந்த தண்ணீர் மருந்து. புளிப்புப் பட்டால் அந்த நீலம் சிதைந்து போகும்.

பிழிவதற்கு ‘மாங்கிள்’: வார்ப்பிரும்புச் சட்டத்தில் இரண்டு மர உருளை, மேலே அழுத்தத் திருகு. பொத்தான்களை உள்ளே வைத்து மடிக்காவிட்டால் உடைந்து தெறிக்கும். வேலை முடியத் திருகைத் தளர்த்தாவிட்டால் உருளை ஒரு பக்கம் சப்பையாகி, அடுத்த கிழமை துணி கோணலாகப் போகும். ஈரமான இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தி தனியே மடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு பக்கம் பிடிக்க வேண்டும், பிறகு இவள் போய் அவளுக்குப் பிடிப்பாள். தெருவின் ஒற்றுமை என்று அந்த முதியவர்கள் சொல்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

மற்றப் பாதி கொடிக்கயிறு. பின் ஒழுங்கைக்குக் குறுக்கே கயிறு கட்டினால் ஒரு கொளுக்கி உங்கள் சுவரில், மற்றது எதிர்வீட்டுச் சுவரில். எதிர்வீட்டோடு கோபித்தால் காயப்போட இடமில்லை! ஒரு மூட்டை 112 இறாத்தல் நிலக்கரியோடு கரிக்காரன் திங்களில் அந்த ஒழுங்கைக்குள் வந்தால் பெண்கள் விடமாட்டார்கள்; வந்தே தீரவேண்டுமென்றால் நீண்ட முட்டுத்தடியால் கயிறுகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆலைப் புகைக்கரி விழுந்த துணியைத் தட்டக்கூடாது, தேய்பட்டால் எண்ணெய்க் கறையாக இழுபடும், ஊதித்தான் விடவேண்டும். ஆலைகள் மூடுகிற ‘வேக்ஸ்’ விடுமுறைக் கிழமையில் ஊர் பாதி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும், வானம் வெளித்து மலை தெரியும்.

திங்கள் சாப்பாடு ஞாயிறு மிஞ்சின இறைச்சி. சமைக்க அடுப்புமில்லை, கையுமில்லை. மிஞ்சின சவர்க்காரத் தண்ணீரால் முற்றத்துக் கல்லையும் வாசற்படியையும் உரஞ்சி, படி விளிம்பில் ‘டொங்கி ஸ்டோன்’ பூசுவார்கள். பழந்துணி வாங்க வருகிறவன் துணிக்குப் பதிலாகக் கொடுக்கிற உரஞ்சுகல் கட்டி அது. அந்தக் கட்டியை அஷ்டன்-அண்டர்-லைன் ஊரில் 1979 வரை செய்தார்கள்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை மெல்ல மறைந்தது. 1949இல் லண்டன் குயின்ஸ்வேயில் பிரித்தானியாவின் முதல் காசு போடும் சலவைக்கடை திறந்தது. 1956 தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகையும் மெல்ல மெல்லக் குறைந்தது. பல தெருக்களையே இடித்துவிட்டார்கள்.

பழைய வீடு வாங்கினவர்கள் கவனியுங்கள். குசினிக் கூரையில் இரண்டு வார்ப்பிரும்புச் சட்டத்தில் நான்கு மரச்சட்டம் கோத்துக் கப்பியில் தொங்கினால், அது மழைநாள் கொடி. கழற்றி எறியாதீர்கள், இன்றைக்கும் அதைவிட நல்ல காயப்போடுமிடம் கிடையாது. ஆனால் பருத்திக் கயிறு உள்ளே உக்கியிருக்கும், முதலில் மாற்றுங்கள். கப்பித் திருகு மரவளையில் ஏறியிருக்கிறதா, வெறும் பூச்சில் நிற்கிறதா என்று பாருங்கள். செட் பொட்டை இடித்தால் அதன் புகைவழியை முழுக்க அடைக்காமல் ஒரு காற்றுத்துளை விடுங்கள். விடாவிட்டால் இரண்டு மாரிக்குள் அந்தச் சுவர் ஈரம் கசியும்.