மறு: சிசுவின் சிபிலிஸ் – சொல் எது?

> 'பரம்பரை மேகநோய்' என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே?

தாயிடமிருந்து வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தொற்றும் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குத்தான் சொல் தேடுகிறோம். 'பரம்பரை' என்றால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இது மரபணுவில் வருவதல்ல. டிரெபோனிமா பாலிடம் என்ற கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டி வருவது. 'மேகநோய்' வெட்டை (கொனோரியா) என்ற வேறு பால்வினை நோயையும் சேர்த்துக் குறிக்கும், ஆகவே சிபிலிஸ் அப்படியே இருக்கட்டும். 'பிறவிச் சிபிலிஸ்' எனக்கு உவப்பில்லை. பிறந்ததும் கண்ணுக்குத் தெரியும் என்ற எண்ணத்தை அது தருகிறது. தொற்றுள்ள சிசுக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சில வாரம் கழித்துத்தான் இரத்தம் கலந்த மூக்கொழுக்கு, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு, கல்லீரல் மண்ணீரல் வீக்கம் எல்லாம் வரும். எலும்பு வலியால் ஒரு கையை அசைக்காமல் கிடக்கும் குழந்தையை நரம்புக் காயம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. என் ஓட்டு 'கருவழிச் சிபிலிஸ்'.

---

> 'கருவழிச் சிபிலிஸ்'

பிரசவத்தின்போது தாயின் புண் பட்டும் தொற்றலாம், அது இதில் அடங்காது. ஆனாலும் அது அரிது. 'தாய்வழி' என்றால் உறவுமுறை ஆகிவிடும். கருவழியே இருக்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை, சோதனை முடிவு பற்றிய விளக்கத்தில் வரும் 'நான்கு மடங்கு' என்ற சொல் பற்றித்தான். ஆர்பிஆர் என்பது சிபிலிஸுக்கான இரத்தச் சோதனை; இரத்தநீரை ஒவ்வொரு படியிலும் இருமடங்கு நீர்த்து, எந்தப் படிவரை தொற்றைக் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். அதில் தாய்க்கு 1:4, சிசுவுக்கு 1:16 என்றால் தொற்று ஏறக்குறைய உறுதி. சிசுவுக்கு 1:8 என்பது ஒரே படி உயர்வு. சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். 'இரு நீர்த்தல்படி உயர்வு' என்று எழுதினால் குழப்பம் இல்லை. உயர்வு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே சோதனை, ஒரே ஆய்வகம். இரத்தம் சிசுவின் நாளத்திலிருந்து. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலந்து முடிவு பிசகும்.

மருந்துக் குறிப்பில் 'வேளைக்கு' என்ற சொல்லை விடவே கூடாது. படிகப் பென்சிலின் ஜி, கிலோவுக்கு 50,000 அலகு, வேளைக்கு. 3 கிலோ சிசுவுக்கு 1,50,000. நாளம் வழியாக, முதல் 7 நாள் வயதுவரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 10 நாள். 'வேளைக்கு' விடுபட்டால் ஒரு நாளைக்கு 50,000 என்று படிப்பார்கள், மருந்து பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறையும். ஒரு நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பென்சாதின் பென்சிலின் வேறு மருந்து: தசையில் மட்டும், நாளத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் 'பென்சிலின்' என்று சுருக்கி எழுதுவதைப் பதிவிலேயே தடுத்துவிடலாம்.