அக்காவுக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்காவை அவள் கணவர் இரண்டு ஆண்டுகளாக அடிக்கிறார். போன வாரம் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஏழு வயது மகன் பைக் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறான். பள்ளியில் பேசுவதையே நிறுத்திவிட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசினோம். காவல் நிலையத்தில் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், மனு ரசீதுகூடத் தரவில்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தபோது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். மருத்துவச் சீட்டும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தாலும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு.

சென்னையில் இடைக்கால ஆணை (வழக்கு முடியும்வரை நீதிமன்றம் தரும் பாதுகாப்பு) பெற்றவர்களே, பாதுகாப்பு அலுவலர் வழியாகப் போவது, நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு கொடுப்பது, இரண்டில் எது உங்களுக்கு விரைவாக நடந்தது?