பி0016 கோட்: சென்சர் மாற்றியும் போகவில்லை, டைமிங் செயின்தான் காரணமா?

நாலுசக்கரம்:
நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பது பெல்ட் இல்லை, டைமிங் செயின். கொஞ்ச நாளாக இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0016 என்ற பழுதுக் கோட் மட்டும்தான் வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் கவர் பக்கமிருந்து கடகடவென்று சத்தம், இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிடும். மேடு ஏறும்போது பிக்கப் குறைவது நன்றாகத் தெரிகிறது. பட்டறையில் கேம் சென்சரை மாற்றி கோடை அழித்தார்கள், மறுபடி வந்துவிட்டது. இப்போது கிராங்க் சென்சரையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் "செயின் செட் முழுசா போடணும் சார்" என்கிறார். இன்ஜினைப் பிரிக்காமலே எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஆயில்கறை:
கிராங்க் சென்சர் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். சென்சரோ அதன் வயரோ செத்திருந்தால் பெரும்பாலும் பி0335 (கிராங்க் சென்சர்), பி0340 (கேம் சென்சர்) மாதிரிதான் வரும். பி0016 சொல்வது வேறு கதை: இரண்டு சென்சரும் சிக்னல் தருகின்றன, ஆனால் கிராங்க் நிற்கும் இடத்துக்குக் கேம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அந்தக் கணக்கில்தான் எங்கோ உதைக்கிறது. சென்சர் சரியாக உட்காராமல் இருந்தாலோ, அது படிக்கும் பல் சக்கரம் நகர்ந்திருந்தாலோ இதே கோட் வரலாம் என்பது உண்மைதான், ஆனால் காலைச் சத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை.

முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், கேமை முன்னே பின்னே திருப்பும் விவிடி கியரும் பெரும்பாலான இன்ஜின்களில் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கின்றன. ஆயில் குறைந்திருந்தாலும், கெட்டியாகிக் கசடு பிடித்திருந்தாலும், தவறான கிரேடு ஊற்றியிருந்தாலும் இரண்டுமே சொதப்பும். அந்தக் கியருக்குப் போகும் ஆயிலைத் திறந்து மூடும் விவிடி சோலனாய்டைக் கழற்றினால் சின்ன வலை ஒன்று இருக்கும், பல இன்ஜின்களில் அது அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஸ்கேனரில் லைவ் டேட்டா. இன்ஜின் சூடான பிறகு, ஐடிலிங்கில், கேம் கோணம் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பினாலோ, பாதியில் சிக்கினாலோ ஆயில், சோலனாய்டு, விவிடி கியர் இந்த வரிசையில் தேடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக நின்றால், சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றிய பிறகும் அப்படியே இருந்தால், செயின் பக்கம் போகலாம். விவிடி கியர் ஒரே இடத்தில் இறுகி நின்றுவிட்டாலும் இப்படித்தான் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பதினேழாம் ஸ்பானர்:
மேலே சொன்னதோடு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அது வேறு வியாதி. நாலிலும் ஒரே மாதிரி குறைந்து, சிலிண்டருக்குள் காற்றை அடித்துப் பார்க்கும் லீக் டவுன் டெஸ்டில் எங்கும் கசியவில்லை என்றால் வால்வுகள் தவறான நேரத்தில் மூடுகின்றன என்று சந்தேகப்படலாம். சிக்னலைப் படமாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கேம், கிராங்க் சிக்னல் இரண்டையும் ஒரே திரையில் பிடித்து, அதே மாடலின் சரியான படத்தோடு ஒப்பிட்டால் கவரைத் தொடாமலேயே பதில் வந்துவிடும்.

ஒரு பல் தாண்டினால் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரம்) 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. உங்கள் இன்ஜின் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்குபோடும் வகை என்றால், இன்னும் சில பல் தாண்டும் நாளில் வால்வுகள் வளைந்துவிடும். அதனால் சத்தம் இருக்கும்வரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி:
டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி சரிசெய்வார்களே, அது இதற்கு உதவாதா?

ஆயில்கறை:
அது இக்னிஷன் டைமிங், ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பது. இவருடைய வண்டியில் அதை ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்கிறது, திருப்ப டிஸ்ட்ரிபியூட்டரே இருக்காது. இங்கே தகராறு வால்வு டைமிங்கில்.

நாலுசக்கரம்:
ஆயில் அளவு சரி, சோலனாய்டு வலையும் சுத்தம். கேம் கோணம் எப்போதும் ஒரே அளவு பின்தங்கியே நிற்கிறது, கனெக்டரைக் கழற்றினாலும் மாறவில்லை. கவரைத் திறக்கச் சொன்னேன். டென்ஷனரின் தண்டு கிட்டத்தட்ட முழுதும் வெளியே வந்திருக்கிறது, செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடில் பள்ளமே தோண்டியிருக்கிறது. முதல் சிலிண்டரை டிடிசியில் (பிஸ்டன் மேல் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தினால் கேம் குறி ஒரு பல்லுக்கும் குறைவாகத் தள்ளி நிற்கிறது. செயின் மட்டும் மாற்றினால் போதுமா?

பதினேழாம் ஸ்பானர்:
அப்படியானால் பல் தாண்டவில்லை, செயின் தேய்ந்து நீண்டிருக்கிறது. செயின் மட்டும் போதாது. டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் எல்லாம் சேர்த்தே போடுங்கள், பழைய பல்லில் புதுச் செயினை ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். விவிடி கியரையும் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பூட்டிய நிலையில் ஆட்டம் இருந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

மாட்டும்போது பெயின்ட் குறி போட்டுக் குத்துமதிப்பாக வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் இன்ஜினுக்கு கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்டும் லாக்கிங் டூல் இருந்தால் அதை வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும், ஆனால் போல்ட் முறுக்கும்போது அந்த டூலையே பிடிமானமாக வைத்தால் அது வளைந்து டைமிங் மறுபடி தவறும். சில இன்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவியே (நகராமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) கிடையாது, புல்லி போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். அங்கே புது போல்ட், மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை), அதற்கு மேல் திருப்பச் சொல்லும் டிகிரி, மூன்றிலும் சமரசம் வேண்டாம்.

டென்ஷனரை அழுத்திப் பூட்டியிருக்கும் பின்னை எடுத்த பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லி ஸ்ப்ராக்கெட் குறிகளைத் திரும்பப் பாருங்கள். நடுவில் எங்காவது முட்டி நின்றால் பலம் போடக் கூடாது, அது வால்வு பிஸ்டனில் உட்கார்ந்திருக்கும் இடம். செயினில் இருக்கும் நிறக் கண்ணிகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு குறிக்கு நேராக வராது, அதைப் பார்த்து மறுபடி கழற்றிவிடாதீர்கள். கடைசியில் ஸ்கேனரில் கேம் நிலையை ஈசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டிய மாடலா என்று மேனுவலில் பாருங்கள். அதை விட்டால் புதுச் செயினிலும் அதே பி0016 வந்து நிற்கலாம்.