திருச்சியில் ஏறி ஃபுளோரஸ் தீவு வரை, ஒரு பையோடு தனியாக: போகலாமா, வேண்டாமா?

திருப்பாலை தென்றல்

எல்லாருக்கும் வணக்கம். வயது 28. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்க்கும் வேலை. மூன்று வருடமாக மாதம் ஐயாயிரம் எடுத்து வைத்து 1,80,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். அதில் எழுபது நாள் ஊர் சுற்ற ஆசை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், ரயிலில் பினாங்கு, அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ராவில் மேடான், தோபா ஏரி, அப்புறம் ஜாவா, பாலி, லொம்போக் என்று பஸ்ஸிலும் படகிலும் கிழக்கே போய் ஃபுளோரஸ் தீவில் முடிக்க வேண்டும். தனியாகத்தான்.

அம்மாவுக்குப் பாதிச் சம்மதம். அப்பா, "பணம் உன்னோடது, உசுரு எங்களோடதும்தான்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேச மறுக்கிறார். போய் வந்தவர்களும், வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

மேலமாசி வீதி ராஜா

பாப்பா, நான் வேண்டாம் என்கிற கட்சி. காரணம் சொல்கிறேன்.

என் அக்கா மகன் 2023-ல் இதே மாதிரி ஒரு பையோடு தாய்லாந்து போனான். ஒரு தீவில் நாள் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்திருக்கிறான். கடற்கரைக்கு இறங்கும் வளைவில் மணல். வண்டி சறுக்கி வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள். காப்பீடு எடுத்துத்தான் போயிருந்தான். ஆனால் அவனிடம் இருந்தது கார் லைசென்ஸ் மட்டும். அதைக் காட்டி காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, நான் ஷட்டரை இறக்கும் நேரம், அக்கா ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தாள். பதினான்கு பவுன். காலையில் அடகுக் கடை திறக்கும்வரை இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மொத்தம் 6,40,000 ஆனது. இன்னும் நான்கு பவுன் மீட்கவில்லை.

அவன் போட்ட கணக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். மீதிக் கணக்கை எழுதியது நாங்கள். சிக்கனப் பயணம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வருகிறது.

அலங்காநல்லூர் சேது

ராஜா அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் அக்காவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தத் தம்பி விழுந்ததற்குத் தனியாகப் போனது காரணம் இல்லையே. குடும்பத்தோடு பேக்கேஜில் போனவர் அந்த ஸ்கூட்டரை எடுத்திருந்தாலும் அதே மணல், அதே லைசென்ஸ் கேள்விதான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி நம் ஆர்டிஓ ஆபீசிலேயே ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கிறது, ஒரு வருடம் செல்லும். அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுப்பது. வியட்நாம் 1968 வியன்னா உடன்படிக்கையில் இருக்கிற நாடு, அங்கே இது செல்லாது. வாடகைக்குக் கொடுப்பவர் எதுவும் கேட்க மாட்டார். அடிபட்ட பிறகு எல்லாரும் கேட்பார்கள்.

தென்றல், இனி உன் திட்டம். நான் 2024-ல் 54 நாள் கிட்டத்தட்ட இதே வழியில் போனேன். மலேசியாவுக்கு நமக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பினால் போதும். இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் விசா 5,00,000 ரூபியா, நம் காசில் 2,700 பக்கம். முப்பது நாள், ஒரு முறை இன்னும் முப்பது நாள் நீட்டிக்கலாம். அறுபதுக்கு மேல் ஒரு நாள்கூடத் தங்காதே. திரும்பும் டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள், கேட்பார்கள். பாலியில் மட்டும் வெளிநாட்டவர் தலைக்கு 1,50,000 ரூபியா தனியாகக் கட்ட வேண்டும், 2024 பிப்ரவரியிலிருந்து. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அந்தப் பக்கம் மழை குறைவு. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் லொம்போக்குக்குக் கிழக்கே படகை நம்பித் திட்டம் போடாதே.

எனக்குச் சராசரியாக நாளைக்கு 1,650 ஆனது, விமானம் சேர்க்காமல். வாருங் என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் சோறு, முட்டை, கீரை, தெம்பே எல்லாம் ஒரே தட்டில் வைத்து 20,000 ரூபியா வாங்குவார்கள். நூறு, நூற்றுப்பத்து ரூபாய். தெம்பே என்பது புளிக்கவைத்த சோயா, சைவக்காரர்களுக்கு அதுதான் துணை. சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருக்கும், கேட்டுச் சாப்பிடு. ஏர்ஏசியா விமானத்தில் கைப்பை ஏழு கிலோதான். வீட்டிலேயே காய்கறித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிடு.

இப்போது நான் சொல்ல வந்தது. மேடானில் கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பேட்டை இருக்கிறது. புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்ய நம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர். 1884-ல் கட்டிய மாரியம்மன் கோவில். திண்ணையில் ஒரு பாட்டி பூக்கட்டிக்கொண்டிருந்தார். நாரை இடது கால் பெருவிரலில் மாட்டி, இரண்டு இரண்டாக மொட்டை வைத்து, என் அப்பத்தா கட்டுகிற அதே முடிச்சு. தமிழ் பாதி மறந்துவிட்டது அவருக்கு. "எந்த ஊரு" மட்டும் தெளிவாக வந்தது. மதுரை என்றேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி நாரின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். ஒரு கூட்டத்தோடு, கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் போயிருந்தால் நான் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாது.

உசிலை செல்வம்

நான் வேறு பக்கமிருந்து பேசுகிறேன். எங்கப்பா மலேசியாவில் தைப்பிங் என்கிற ஊரில் பதினொரு வருடம் கொத்து வேலை பார்த்தார். அவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்பது, பத்தாவது முடிக்காதவர் என்பதால். வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் பட்டியலில் மலேசியாவும் உண்டு, இந்தோனேசியாவும் தாய்லாந்தும் உண்டு. அந்த அனுமதிக்காக அவர் அலைந்த அலைச்சல் எனக்கு நினைவிருக்கிறது. பதினொரு வருடத்தில் அவர் ஒரு கடற்கரை பார்த்ததில்லை. கம்பெனி வேன், கட்டட வேலை, தகரக் கொட்டகை. பணம் அனுப்பினார், நான் படித்தேன்.

அந்த நாடுகளுக்கே இப்போது நம் பிள்ளைகள் "அனுபவத்துக்காக" போகிறோம் என்னும்போது நெஞ்சில் ஏதோ இடிக்கிறது. தென்றல் மேல் கோபம் இல்லை. 1,80,000 ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு அறை. அதை எழுபது நாளில் கரைப்பது தேவையா என்பதுதான் என் கேள்வி. நம் பக்கத்திலேயே கீழடி இருக்கிறது, சமணர் படுக்கைகள் இருக்கின்றன, மேகமலை இருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

கூடல்நகர் கயல்

செல்வம், கீழடியும் பார்த்தேன், கீழக்குயில்குடி சமணர் மலையும் ஏறினேன். அதற்குப் பிறகும் கடல் தாண்டப் பிடித்தது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகிவிடாது.

தென்றல், நான் இலங்கைக்கும் வியட்நாமுக்கும் தனியாகப் போனவள். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹனோயில் முதல் ராத்திரி அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தூங்கினேன். எனக்கு நானே வைத்த சட்டங்கள் இவை: புது ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டும், அதற்காக இருநூறு ரூபாய் அதிகம் போனாலும் பரவாயில்லை. முதல் இரண்டு ராத்திரி பெண்கள் மட்டும் தங்கும் அறையில் முன்பதிவு. தங்குமிடம் ஒரு மாதிரி பட்டால் கட்டிய பணம் போனாலும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு முறை அப்படி வெளியே வந்தேன். எண்ணூறு ரூபாய் போனது, வருத்தமே இல்லை.

வண்டி நான் ஓட்டவில்லை. வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்துதான் போனேன்.

மேலமாசி வீதி ராஜா

சேது தம்பி, கயல், நீங்கள் சொல்வதெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தவர்கள் சொல்வது. 2024 நவம்பரில் லாவோஸில் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு சுற்றுலாப் பயணிகள் செத்தார்கள். பை தூக்கிப் போகிற இளவட்டங்கள் கூடுகிற ஊர் அது. பேப்பரில் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாப்பா குடிக்கிற பிள்ளை இல்லை, சரி. ஆனால் காய்ச்சல் வந்து தனியாகப் படுத்தால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

லாட்ஜ் முத்து

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் முப்பது வருடமாக லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். ராஜா அண்ணன் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நீங்கள் எல்லாரும் இங்கிருந்து போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இங்கே வருகிறவர்களைப் பார்த்தவன். அவர்களுக்கு மதுரைதான் தூர தேசம்.

வெளிநாட்டவர் வந்து இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அந்தச் சாக்கில் அவர்கள் கதையெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். ஒருத்தருக்கு மூன்றாம் மாடியில் டைஃபாய்டு. ஜெர்மனியிலிருந்து தனியாக வந்த பையன். ஐந்து நாள் எங்கள் ரூம் பாய் காலையும் சாயங்காலமும் நொய்க்கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தான். நான் ரத்தப் பரிசோதனைக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒருத்தன் தனியாகக் கிடந்தால் பார்க்கிறவன் சும்மா இருக்க மாட்டான். நம் ஊரில் மட்டுந்தான் அப்படி என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லியாக வேண்டும். தெற்கு கோபுரத்துப் பக்கம் மல்லிகை விற்கிற அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசிய ஆளையும் பார்த்தேன். ராத்திரி அறைக்கு வந்து, தன் நாட்டில் ஒரு காபி விலையில் இங்கே மூன்று நாள் தங்கியதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே ஒரு காற்சட்டை தைத்து, கேட்ட கூலியைக் கொடுத்து, தைக்கிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு. அவர்களும் குறைந்த செலவில் வந்தவர்கள்தான்.

தென்றல் பாப்பா, உன் செலவைக் குறை. வாருங் வைத்திருக்கும் அம்மாவின் கூலியில் குறைக்காதே. ஏசி அறையை விடு, விமானத்தை விட்டுப் படகில் போ, ஒரு தீவைக் குறைத்துக்கொள்.

அலங்காநல்லூர் சேது

முத்து அண்ணே, இதை ஒத்துக்கொள்கிறேன். முதல் பத்து நாள் நானும் எல்லாவற்றுக்கும் பேரம் பேசினேன். தோபா ஏரியில், சமோசிர் தீவுக்குப் போகும் படகில், வாழைப்பழம் விற்ற பெண்ணிடம் விலை குறைத்துக் கேட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் இரண்டு பழத்தைச் சீப்பிலிருந்து பிய்த்து சும்மா கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பழத்தை என்னால் தின்ன முடியவில்லை. அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

அந்த ஏரி ஏறக்குறைய 74,000 வருடத்துக்கு முன் வெடித்த எரிமலையின் வாய். அதன் சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கிறது. நம் பக்கம் வரை வந்து விழுந்த சாம்பலின் ஊற்றுக்கண்ணில் படகில் போகிறோம் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

உசிலை செல்வம்

முத்து அண்ணன் சொன்னதைப் படித்தபிறகு அப்பாவிடம் இந்த விவாதத்தை வாசித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பொம்பளப்புள்ள தனியா போகுதா" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம், "தைப்பிங்ல ரயிலு நிக்கும்டா" என்றார்.

அங்கே ஒரு ஏரித் தோட்டம் உண்டாம், 1880-ல் வெள்ளீயச் சுரங்கக் குழிகளை ஏரியாக்கியது. கரையில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டி வளைந்து தண்ணீரைத் தொடும் என்றார். தினமும் காலையிலும் இருட்டிலும் வேனில் அதைக் கடந்து போயிருக்கிறார். இறங்கினதில்லை. பதினொரு வருடமாக அவர் சொல்லாத விஷயம்.

திருப்பாலை தென்றல்

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மாற்றியதை எழுதுகிறேன்.

ஃபுளோரஸை விட்டுவிட்டேன். லொம்போக்கோடு திரும்பல், மொத்தம் 46 நாள். 50,000 ரூபாயைத் தனியே எடுத்து அப்பாவும் நானும் சேர்ந்து எடுக்கக்கூடிய கணக்கில் போட்டாயிற்று. ராஜா ஐயா, அது மஞ்சள் பைக்குப் பதில். காப்பீட்டுத் தாளில் இரு சக்கர வண்டி பற்றிய பத்தியை அப்பாவை உட்கார வைத்து வரி வரியாக வாசித்தேன். நான் வண்டி ஓட்டப் போவதில்லை. கடைசி வாரம் லொம்போக் பக்கத்துக் கிலி தீவுகளில், அங்கே பெட்ரோல் வண்டி கிடையாது, பெரும்பாலும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான்.

மேலமாசி வீதி ராஜா

பாப்பா, தனியாகப் போவது எனக்கு இன்னும் சம்மதமில்லை. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஐம்பதாயிரம் போதாது, ஒரு லட்சமாக்கு. இருபத்தைந்து நாள் போய் வா. காப்பீட்டுத் தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பு, என் கடை லாக்கரில் இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணியானாலும் என் போன் எடுக்கும்.

திருப்பாலை தென்றல்

நகல் அனுப்புகிறேன் ஐயா. நாள் கணக்கை அப்பாவோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்.

செல்வம் அண்ணே, கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும் வழியில் தைப்பிங்கில் ஒரு ராத்திரி சேர்த்துவிட்டேன். அங்கே சாயங்காலம் மழை கொட்டும் என்கிறார்கள், அதனால் காலையிலேயே ஏரிக்குப் போய்விடுவேன். வேன் எந்தப் பக்கத்து ரோட்டில் போகும் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பக்கமாகவே நடந்து வீடியோவில் காட்டுகிறேன்.